அந்த ரீல் பற்றி: தண்ணிக்குத்தான் உடுத்தணும்

மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் அந்த ரீல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆர்க்டிக்கில் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட், பனியாறு கடலில் முடியும் இடத்தில் நீலப் பனிச்சுவர், அதன் முன்னால் ஐந்து கயாக், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு. கயாக்கும் ஸ்கீயும் (பனியில் சறுக்கும் நீளப் பலகை) சேர்ந்த பயணம். போனவர்கள் நம் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள். பார்த்ததும் எனக்கும் நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் முன் கயாக்கில் இருக்கிற தம்பி துடுப்பைத் தலைக்கு மேல் தூக்குகிறார். அவர் போட்டிருப்பது டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்தூவி அடைத்தது), அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், கீழே ட்ராக் பேண்ட். தண்ணீர் உள்ளே புகாத முழு உடையான ட்ரை சூட் இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும் இல்லை.

"ட்ரை சூட் எங்கே?" என்று கீழே கேட்டேன். மூன்றே வார்த்தை. வந்த பதில்களை நீங்களே படித்தீர்கள். "அண்ணா, அன்னைக்கு நல்ல வெயில், பிளஸ் 6 டிகிரி." "சார், நம்ம பசங்க சாதிச்சா உங்களுக்குப் பொறுக்காதா?" சாயந்திரத்துக்குள் என் கமெண்டே காணோம். அழித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கயாக்கில் உட்காருகிறவர் வெயிலுக்கு உடுத்தக் கூடாது, தண்ணிக்கு உடுத்தணும். காற்று பிளஸ் 6 ஆக இருக்கட்டும், 10 ஆகவே இருக்கட்டும். ஜூன் தொடக்கத்தில் பனியாற்று முகத்துக்கு முன்னால் கிடக்கும் தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். உப்பு இருப்பதால் கடல் நீர் மைனஸ் 1.8 வரை உறையாது. அதே குளிரில் இருக்கும் காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கயாக் கவிழ்ந்தால் நீங்கள் விழுவது வெயிலுக்குள் இல்லை.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் ஆய்வு செய்யும் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. முதல் 1 நிமிடம் மூச்சுக்கானது. குளிர் பட்ட அதிர்ச்சியில் நீங்கள் கேட்காமலே பெருமூச்சு உள்ளே போகும், அந்த நொடி வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும் நேரம். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயாக்கைப் பிடித்து ஏற முடியாது. கடைசி 1 என்பது ஏறக்குறைய 1 மணி நேரம், குளிரில் நினைவு தப்ப ஆகும் நேரம். எல்லாரும் பயப்படுவது அந்த ஒரு மணி நேரத்துக்கு. பலரை எடுத்துக்கொண்டு போவது முதல் 11 நிமிடம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். இதய நோய் இருப்பவர்கள் வேண்டாம். ஒரு பக்கெட்டில் பாதித் தண்ணீர், மூன்று கிலோ ஐஸ் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். ஒரு கையை மணிக்கட்டுக்கு மேல் மூழ்கும்படி மூன்று நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்ததும் அந்தக் கையால் மட்டும் ஒரு பையின் பக்கிளை மாட்டுங்கள். ஹலசூருவில் எங்கள் மொட்டை மாடியில் எத்தனையோ பேருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். கட்டைவிரல் பக்கிள் மேல் இருக்கும், அழுத்துகிறோம் என்று நினைப்பார்கள், அழுந்தாது. கண்ணால் பார்த்தால்தான் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியும். இது ஒரு கை, மூன்று நிமிடம், மாடியில் நின்றுகொண்டு.

"லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்களே" என்று ஒருவர். போடத்தான் வேண்டும். முதல் நிமிடத்தில் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்துவது அதுதான். ஆனால் அது மிதக்க வைக்கும், சூட்டைக் காக்காது. உள்ளே இருந்த டவுன் ஜாக்கெட்டோ நனைந்த மறுகணம் பஞ்சு போல் சுருண்டு கனக்கும்.

ட்ரை சூட்டை ரெயின்கோட் என்று பலர் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கால் உறை வரை ஒரே உடையாக ஒட்டி வரும். கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் லேடெக்ஸ் ரப்பர் பட்டை இருக்கும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். மார்பின் குறுக்கே நீர் புகாத ஜிப். அந்த ஜிப்பின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான் ஆபத்து. மூடியது போலத் தெரியும், ஆனால் முனை குழிக்குள் போய் உட்கார்ந்திருக்காது. கரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, விழுந்தால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும். எனவே தன் ஜிப்பைத் தானே பார்த்துக்கொண்டால் போதாது, பக்கத்தில் இருப்பவர் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். ஜிப் போட்டதும் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் காற்று கால்பக்கம் சேர்ந்து காலை மேலே தூக்கும், தண்ணீரில் நிமிர முடியாமல் தவிப்பீர்கள்.

சூட் தானாகச் சூடு தராது. உள்ளே கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், தலைக்கு நியோப்ரீன் தொப்பி, துடுப்பிலேயே மாட்டிக்கொள்ளும் கையுறை. லேடெக்ஸில் எண்ணெய் படக் கூடாது, சன்ஸ்க்ரீனும் படக் கூடாது. என் சூட் ஒன்றின் கழுத்துப் பட்டை பிசுபிசுத்துக் கிழிந்தது தேங்காய் எண்ணெயால்தான். நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும், இங்கிலீஷில் இருக்கும் எந்தக் குறிப்பிலும் தேங்காய் எண்ணெய் இருக்காது.

விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். நல்ல சூட் ஒரு லட்சத்தைத் தாண்டும். வாடகைக்குக் கிடைக்கும். அவ்வளவு செலவு செய்து அவ்வளவு தூரம் போகிறவர்களிடம் அந்த வாடகையையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

"பக்கத்தில் மோட்டார் படகு நின்றது" என்றார் இன்னொருவர். நின்றது, ரீலிலேயே தெரிகிறது. அதைச் சுற்றி என்ன மிதக்கிறது என்று பார்த்தீர்களா? உடைந்த பனிக்கட்டிகள். அதற்குள் படகு ஊர்ந்துதான் வர முடியும், இல்லாவிட்டால் ப்ரொப்பெல்லர் போய்விடும். உங்களிடம் இருப்பது 10 நிமிடம்.

இடத்தையும் பாருங்கள். பனியாற்று முகத்திலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சுவர் உயரமாக இருந்தால் இன்னும் தள்ளி. ஃபோனின் அகல லென்ஸ் எதையும் தூரமாகக் காட்டும். அப்படி எடுத்தும் சுவர் படம் முழுக்க நிறைகிறதென்றால் எவ்வளவு கிட்டே போயிருக்கிறார்கள்! மேலே இருந்து ஒரு துண்டு விழுந்தால் பாதி ஆபத்துதான், மீதி அலையில் வரும். குறுகலான வளைகுடாவில் அந்த அலை கரையை நெருங்க நெருங்க உயரும். கரையில் இழுத்து வைத்த கயாக்கையே தூக்கிப் போகும், அதனால்தான் அலைக்கோட்டோடு நிறுத்தாமல் இன்னும் மேலே ஏற்றி வைக்கச் சொல்கிறோம். மிதக்கும் பனிப்பாறையும் அப்படித்தான். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கும். அடியில் கரையக் கரைய எடை மாறி, முன்னறிவிப்பே இல்லாமல் புரளும்.

ஒரு நண்பர், படித்தவர், கொஞ்சம் யோசித்துத்தான் கேட்டார்: "நான்சென் ட்ரை சூட் போட்டா போனார்?" நல்ல கேள்வி. நான்சென் நார்வேயின் துருவப் பயணி, ஸ்கீயும் கயாக்கும் சேர்ந்த துருவப் பயணத்துக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1895 மார்ச்சில் நான்செனும் அவர் கூட்டாளி யோஹான்சனும் 'ஃப்ராம்' கப்பலை விட்டு இறங்கினார்கள். ஸ்கீ, நாய் வண்டி, மூங்கில் சட்டத்தில் துணி போர்த்திய இரண்டு கயாக். 86 டிகிரி 14 நிமிடம் வடக்கு அட்சரேகை வரை போய்த் திரும்பினார்கள். 1896 ஜூன் 12 அன்று என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சேர்த்துக் கட்டி நிறுத்தியிருந்த கயாக்குகள் கட்டு விட்டு மிதந்து போய்விட்டன. உணவு, துப்பாக்கி, எல்லாம் அதில். நான்சென் உறைநீரில் குதித்து நீந்தினார். எட்டிப் பிடித்தபோது உடம்பு விறைத்து, மேலே ஏறவே முடியவில்லை. எப்படியோ ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கரைக்கு வந்ததும் யோஹான்சன் ஈர உடையைக் கழற்றி, தூங்கும் பைக்குள் திணித்து, கையில் இருந்ததையெல்லாம் மேலே போர்த்த வேண்டியிருந்தது. காலமெல்லாம் பனியில் வாழ்ந்த நார்வேக்காரர் அவர். அவருக்கே சில நிமிடத்தில் அந்த நிலைமை. நான்சென் நம் பக்கச் சாட்சி, உங்கள் பக்கம் இல்லை.

ரீலின் இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்கீயைக் கயாக்கின் பின் தளத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறார்கள். கவிழ்ந்தவர் மறுபடி ஏறுவது அந்தப் பின் தளத்தின் மேல் வயிற்றை வைத்துத்தான். அங்கே இரும்பு விளிம்போடு இரண்டு ஸ்கீ கிடந்தால் எப்படி ஏறுவார்? சூட் போட்டிருந்தாலும் அதையே கிழித்துவிடும். ஸ்கீ தாய்ப்படகில் வர வேண்டும். ஏறுவதற்கு ஸ்கீ அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைகள் தண்ணீர் புகாத பையில் வர வேண்டும். கடல் நீர் தெறித்த பசை குளிரில் ஒட்டாது, பாதி ஏற்றத்தில் உரிந்து வரும். நெஞ்சோடு அணைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடு பண்ணி ஒட்டலாம், ஈரமாக இருந்தால் அதுவும் உதவாது.

அப்புறம் பனியாற்றின் மேல் ஐந்து பேரும் கயிறு இல்லாமல் ஏறுகிறார்கள். ஸ்வால்பார்டில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பனியாறு. ஜூனில் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் இளகிக் கிடக்கும், சூரியன் மறையாத ஊரில் ராத்திரி உறைந்து இறுகும் என்று நம்பவும் முடியாது. இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், ஆளுக்கு ஆள் 10 மீட்டருக்குக் குறையாமல் கயிறு, விழுந்தவரை இழுக்கும் கப்பி முறை எல்லாருக்கும் கைவந்திருக்க வேண்டும். சரிவில் ஏறினால் பனிச்சரிவில் புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலில் காட்டும் ட்ரான்ஸீவர், குத்துக்கோல், மண்வெட்டி மூன்றும் வேண்டும். புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். கரடி விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தார்கள், வழிகாட்டியிடம் துப்பாக்கி இருந்தது. அதைப் பாராட்டுகிறேன்.

"நீங்க எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. நான் ஒரு தடவைகூடப் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடாகிவிடுமா?

என்னை உண்மையாகவே வருத்தியது வேறு. "நம்ம ஆளுங்க முதல் முறையா இவ்வளவு தூரம் போறாங்க, ஊக்கம் குடுக்காம குறை சொல்றீங்களே." இதை எழுதியவர் எனக்கு நெருங்கியவர். நான் குறை சொல்ல ஆசைப்படுபவனா? நம்மவர்களுக்கு அங்கே உரிமை இருக்கிறது. ஸ்வால்பார்டின் நி-ஓலெசுண்டில், 79 டிகிரி வடக்கில், 2008 முதல் நம் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் நூறு பேர் போகணும் என்றுதான் நான்கு பக்கம் தமிழில் எழுதி, அந்தக் குழுவின் வாட்ஸப்பில் ஏப்ரலிலேயே போட்டேன். உடை, ஜிப், கயிறு, எல்லாம். அட்மின் எடுத்துவிட்டார். "ஆளுங்க பயந்து கேன்சல் பண்ணிடுவாங்க சார்" என்றார். விளம்பரத்தில் "முன் அனுபவம் தேவையில்லை" என்று போட்டிருந்ததே, அது மட்டும் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். யாரும் விழவில்லை, அதனால் ஆகவில்லை. அந்த ஐந்து பேரையும் அந்தக் கடல் அன்றைக்குச் சும்மா விட்டது.

அடுத்த குழுவில் பேர் கொடுத்திருக்கும் தங்கை ஒருத்தி நேற்று ராத்திரி இன்பாக்ஸில் கேட்டாள்: "அண்ணா, காட்டன் ட்ராக் பேண்ட் போதும்னு சொல்றாங்க, போதுமா?" போதாதும்மா. உள்ளே கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் ட்ரை சூட். ட்ரை சூட் கொடுக்க மாட்டோம் என்றால் கயாக்கில் ஏறாதே, கரையில் நின்று படம் எடு. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மாடிக்கு வா, என்னிடம் மீடியம் ஒன்று, லார்ஜ் ஒன்று இருக்கிறது. கழுத்தில் எண்ணெய் இல்லாமல் வா. கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வா, உன் ஜிப்பை அவர்தான் பார்க்கணும்.