செவ்வாய்க்கிழமைக்கு என்ன உடுத்துகிறோம்?

நம் வீட்டு பீரோவைத் திறந்தால் மேல்தட்டில் முகூர்த்தப் பட்டு இருக்கும். அதன் கீழே நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது, வளைகாப்புக்கு வந்தது, கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்தது. ஓரத்தில் அட்டை பிரிக்காத வேட்டி சட்டைகள். எல்லாமே விசேஷத்துக்கானவை. வேலைக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற சாதாரண நாளுக்கு? கொடியில் காய்ந்ததை உருவி மாட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

இதை நான் ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனசு கேட்கவில்லை. கல்யாணப் பட்டுக்கு மாசக்கணக்கில் சீட்டுக் கட்டுகிற பெண், தினமும் எட்டு மணி நேரம் உடம்பில் கிடக்கும் சுடிதாருக்கு ஆடித் தள்ளுபடிக் குவியலில் கை விட்டு எடுக்கிறாள். அக்குள் இறுக்குகிறது, துணி ஒட்டுகிறது, சாயம் போகிறது. "பரவாயில்ல, வேலைக்குத்தானே" என்கிறாள். வேலைக்குத்தான் நல்ல துணி வேண்டும். நம் உடை ரசனை என்று ஒன்று இருந்தால் அது செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியும். முகூர்த்தத்தில் எல்லோருமே நன்றாகத்தான் இருக்கிறோம்.

தனக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள செல்போனில் படம் தேட வேண்டாம், வீட்டு அழுக்குக்கூடையைப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதில் வந்து விழுவது எது? அவற்றை மட்டும் துவைத்துக் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். கை நீளம், கழுத்து, துணியின் கனம், நிறம் என்று அவற்றுக்குள் ஏதோ ஓர் ஒற்றுமை தெரியும். உங்கள் ரசனை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அடுத்து வாங்குவது அந்தக் கூட்டத்தோடு சேருமா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையில் ஏறினாலும், கறுத்த பெண் ஒருத்தி மாம்பழ மஞ்சளைக் கையில் எடுத்தால், "உங்க கலருக்கு இது எடுக்காதுக்கா, லைட்டா காட்டுறேன்" என்று ஒரு குரல் வரும். அம்மாவும் சொல்வாள், அத்தையும் சொல்வாள். இதைக் கேட்டுக் கேட்டே வாழ்நாள் முழுக்க வெளிறிய ரோஸும் சாம்பலும் உடுத்துகிற எத்தனை பெண்களை எனக்குத் தெரியும்! காரைக்குடிக் கண்டாங்கியை எடுத்துப் பாருங்கள்: கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு, பெரிய கட்டம், அகலக் கரை. இந்த ஊர் வெயிலில், இந்த ஊர்ப் பெண்களின் தோலின் மேல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த நிறங்கள் அவை. அரக்கும் மயில்கழுத்தும் வாடாமல்லியும் கறுத்த மேனியில் நிற்கிற மாதிரி வேறெதிலும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். ஒன்று மட்டும் செய்யுங்கள். கடை விளக்கு எல்லா நிறத்தையும் மாற்றிக் காட்டும். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சம் வரை நடந்து வந்து பாருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காசு உங்களுடையது.

அடுத்தது துணி. சித்திரை வெயிலில் டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு பாலியஸ்டர் ஒரு தண்டனை. காட்டன் என்று எழுதி ஒட்டினால் மட்டும் காட்டன் ஆகிவிடாது. ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். ரேயான் குர்தி கடையில் குளுகுளுவென்று கைக்கு இதமாக இருக்கும். ஆனால் நனைந்தால் அந்த நூலுக்கு வலு குறைந்துவிடும், முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் போய்விடும். பருத்தியிலும் நூல் எண் என்று ஒன்று உண்டு. நாற்பதாம் நம்பர் கனமாக, முரடாக இருக்கும். எண்பது, நூறு, நூற்றிருபது என்று ஏற ஏற மெல்லிசாகும். தினசரிக்கு எண்பது நல்ல எண். கஞ்சி போட்டால் நிற்கும், போடாவிட்டாலும் உடம்போடு இணங்கும். கடைக்காரரிடம் "எத்தனாம் நம்பர் நூல்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவர் பேசுகிற தொனியே மாறும். கைத்தறிதான் வேண்டும் என்றால் 2006 முதல் இருக்கிற கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். இல்லையென்றால் 1935-இல் தொடங்கி இன்றைக்கும் நடக்கிற நம் கோ-ஆப்டெக்ஸுக்குப் போங்கள். எங்கள் மதுரைச் சுங்குடிச் சேலையில் கைமுடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதும் உண்டு, புள்ளியை அச்சடித்ததும் உண்டு. எது எதுவென்று கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது.

நல்ல துணியையும் தையல் கெடுத்துவிடும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, ஆனால் உடம்பைப் பார்த்ததும் அளவு சொல்கிற கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் விட்டுவிடாதீர்கள். அளவு பிளவுஸ் கொடுத்துத் தைத்தால் பழைய பிளவுஸின் கோளாறும் கூடவே வரும், உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு கூடும், குறையும். வெட்டுவதற்கு முன் பருத்தியை ஒரு ராத்திரி ஊறப் போட்டுக் காயவைத்துக் கொடுங்கள், சுருங்குகிறது முன்னாடியே சுருங்கட்டும். சுடிதாருக்கு வலது பக்கத் தையலில் ஆழமாக ஒரு பாக்கெட் கேளுங்கள். "லேடீஸுக்கு எதுக்கு?" என்று கேட்டால், பஸ் காசு வைக்க என்று சொல்லுங்கள். ரெடிமேட் எடுத்தால் தோள்பட்டையை மட்டும் பாருங்கள். பக்கவாட்டை எந்தத் தையல்காரரும் பிடித்துக் கொடுப்பார், தோளைச் சரி செய்வது பெரிய வேலை. ஆண்கள் சட்டைக்கும் இதேதான்.

இத்தனையும் சொன்னால் தோழிகள் கடைசியில் ஒன்று கேட்கிறார்கள். "கட்டினதையே கட்டினா என்ன நினைப்பாங்க?" ஸ்டேட்டஸில் படம் போடுகிற பழக்கம் வந்த பிறகு இந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. ஒரு தடவை படத்தில் வந்த சேலை அத்தோடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்த நீலம், "எம்.எஸ். ப்ளூ" என்று இன்றைக்கும் பட்டுக் கடையில் கேட்டு வாங்கப்படுகிறது. இன்னொன்றும் எங்கள் ஊரில்தான் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையாடையோடு வெளியே வந்தார். ஊர் ஏழைகள் தினமும் உடுத்துவது எதுவோ அதுவே தனக்கும் என்று எடுத்த முடிவு அது. பத்து வருஷம் கழித்து லண்டனில் அரசரைப் பார்க்கப் போனபோதும் அதை மாற்றவில்லை. அவர் காரணம் வேறு, நம் காரணம் வேறு. ஆனால் ஒரே மாதிரி உடையைத் திரும்பத் திரும்ப உடுத்தியதால் இவர்களில் யாரும் குறைந்துபோகவில்லை. திரும்பத் திரும்ப உடுத்தியதால்தான் அது அவர்களுடையதாகவே ஆயிற்று. எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். எப்போதும் கரை வைத்த காட்டன் சேலை, முழங்கை வரை ரவிக்கை. தெருமுனையில் தலை தெரிவதற்கு முன்பே அந்தக் கரை எங்களுக்கு அடையாளம். அவரிடம் எத்தனை சேலை இருந்தது என்று யாருமே எண்ணியதில்லை.

தீபாவளிக்கு போனஸ் வந்ததும் எல்லோரும் கிளம்புவீர்கள். இந்த வருஷம் பட்டு ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காசில் தினசரிக்கு நல்ல பருத்தித் துணி எடுத்துப் பாருங்கள். எடுப்பதைச் சீக்கிரம் எடுங்கள். பண்டிகை நெருங்கினால் நல்ல தையல்காரர்கள் புது ஆர்டர் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் அவசரத்தில் கைக்குழியைக் கோட்டை விட்டுவிடுவார்கள்.