2008-இல் ஹிலாரி ஒபாமாவை ஆதரிக்கவில்லையா?

"வேட்பாளர் போட்டியில் தோற்ற ஹிலாரி கிளிண்டன், ஒபாமாவுக்குக் கடைசிவரை ஆதரவே தரவில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கான இந்தப் போட்டி 2008 ஜூன் 3-இல் முடிந்தது. நான்கே நாளில், ஜூன் 7 அன்று, வாஷிங்டனில் தன் ஆதரவாளர்கள் முன் நின்று ஒபாமாவுக்கு ஆதரவை அறிவித்தார். அப்புறம் ஜூன் 27-இல் இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடை ஏறினார்கள். ஊர்ப் பெயருக்கே 'ஒற்றுமை' என்றுதான் பொருள். வேட்பாளர் போட்டிக்கான வாக்கெடுப்பில் அங்கே இருவருக்கும் சரிசமமாக 107 வாக்குகள்!

ஆகஸ்ட் 27, டென்வரில் கட்சி மாநாடு. வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலவாரி வாக்கெடுப்பில் நியூயார்க்கின் முறை வந்தபோது, எண்ணிக்கையை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்மொழிந்தவரே ஹிலாரிதான். அரங்கமே ஆர்ப்பரித்தது.

அவருடைய ஆதரவாளர்கள் சிலருக்குக் கோபம் ஆறவில்லை, அது உண்மை. அதை அவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.