தண்டனை முடிந்தவரை எங்கே அனுப்புவது?

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பத்தாண்டு தண்டனை பெற்றவர். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏழாண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், போகும்வரை முகாமில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சிறைக்காலம் முடிந்த பிறகும் ஏறத்தாழ மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தவர், "திருப்பி அனுப்பினால் என் உயிருக்கு ஆபத்து" என்று முறையிட்டுத் தில்லி வரை வந்தார். எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை, வேறு நாட்டுக்குப் போகட்டும் என்று அமர்வு சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துக்கு வெளியே நின்று இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். "சரியான தீர்ப்பு. குற்றம் பண்ணினவனுக்கு எதுக்கு சார் அடைக்கலம்?" என்றார் ஒரு பெரியவர். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஈழத்தின்மேல் அக்கறை இல்லாதவர் இல்லை அவர். இலங்கையில் தமிழர்மேல் நடந்த 83 ஜூலைக் கலவரத்தைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவருக்குக் குரல் உடைந்துவிடும். அங்கே நின்றபடி என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. வழக்குரைஞராக இந்தச் சட்டத்தோடு புழங்குகிறவன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. 1951 அகதிகள் உடன்படிக்கையே அதைக் கேட்கிறது. அதன் முதல் கூற்றில் எஃப் என்று ஒரு பிரிவு உண்டு. போர்க்குற்றமோ மானுடத்துக்கு எதிரான குற்றமோ செய்தவர், புகலிடம் தேடி வருமுன் வெளியே அரசியல் சாராத கடுங்குற்றம் செய்தவர், ஐ.நா.வின் நோக்கங்களுக்கு எதிராக நடந்தவர், இப்படி ஒருவரைக் கருத வலுவான காரணம் இருந்தால் அவருக்கு அகதித் தகுதி கிடையாது. உலகப் போர் முடிந்து ஆறு வருடத்தில் எழுதியது. கொலைமுகாம் நடத்தியவன் அகதி என்று சொல்லித் தப்பிவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்தப் பிரிவை நான் மனதார ஆதரிக்கிறேன். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது.

ஆனால் யார் அடித்தவர் என்பதை ஒவ்வொருவராக விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் ஆட்கள் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று வட இலங்கையின் வன்னியைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். போரின் கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று விடுதலைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பெண் பிள்ளைகளுக்குத் தலைமுடியைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். சில வாரத்தில் ஓடிவந்த பிள்ளையும் அந்தக் கட்டை முடியோடுதான் முள்ளிவாய்க்காலைக் கடந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்தது: ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதிவு செய். அந்த முடியைப் பார்த்தே தனியாகப் பிரித்தார்கள். பதுங்குகுழி வெட்டியவர், சமையல்கட்டில் இருந்தவர், தளபதி, எல்லோரும் அங்கே ஒன்றுதான். அந்தப் பிள்ளை பிறகு லண்டனிலோ டொரன்டோவிலோ புகலிடம் கேட்டு உட்காரும்போது, விசாரிக்கும் அதிகாரியும் ஓமந்தைச் சிப்பாயைப் போலவே பார்த்தால் சட்டம் எதற்கு?

2010இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்த்து வைத்தது. மனுதாரர் பத்து வயதில் புலிகளில் சேர்ந்த ஒரு தமிழர். பின்னாளில் உளவுப் பிரிவின் போரணியில் பொறுப்பில் இருந்தவரும்கூட. இயக்கத்தில் இருந்தார் என்பது மட்டும் போதாது, குற்றத்துக்கு அவர் தெரிந்தே, தன் விருப்பத்தோடு, கணிசமாகப் பங்களித்தாரா என்று பாருங்கள் என்று சொல்லி, அவர் மனுவை மறுபடி பரிசீலிக்க வைத்தது. மூன்று வருடம் கழித்துக் கனடா உச்ச நீதிமன்றமும் காங்கோ அரசின் முன்னாள் தூதரக அதிகாரி ஒருவர் வழக்கில் இதே வழிக்கு வந்தது.

அதே கனடா நீதிமன்றம் 2014இல் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கியூபாக்காரர் ஒருவர் அமெரிக்காவில் ஆயுதத்தால் தாக்கிய குற்றத்துக்குச் சிறை சென்று தண்டனையை அனுபவித்து முடித்தவர். தண்டனை முடிந்ததும் திருந்தியதும் கணக்கில் வராது, கடுங்குற்றம் கடுங்குற்றம்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இரண்டு பேர் மாறுபட்டார்கள். நான் அந்த இருவர் பக்கம். தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு என்பதால்தான் அதற்குத் தண்டனை என்று பெயர்.

இன்னொன்று, நம் ஆட்கள் குழப்பிக்கொள்வது. அகதித் தகுதி மறுப்பது வேறு, பிடித்துத் திருப்பி அனுப்புவது வேறு. 1996இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வந்த வழக்கு நம் நாட்டைப் பற்றியதே. தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி ஒரு சீக்கியரை இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தது பிரிட்டன். அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும், சித்திரவதை நடக்கும் என்ற உண்மையான அபாயம் இருக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது என்றது நீதிமன்றம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையும் அதையேதான் சொல்கிறது. 1997இல் இந்தியா அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.

1951 உடன்படிக்கையில் நாம் சேரவே இல்லை. ஆப்கானியர், மியன்மார்க்காரர் கோப்புகளை இங்கே தில்லியில் ஐ.நா. அகதிகள் அலுவலகம் பார்க்கிறது. ஈழத் தமிழரை அரசு தன் கையில் வைத்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்ல விஷயம். ஆனாலும் அது அரசு தந்த சலுகைதான். உரிமை என்று கேட்க முடியாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அந்த மனிதரிடம், நீ செய்தது என்ன, எவ்வளவு கடுமையானது, திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும் என்று உட்கார வைத்துக் கேட்கச் சட்டப்படி கடமைப்பட்ட அதிகாரி இந்த நாட்டில் ஒருவர்கூட இல்லை. குற்றம் செய்தவரை அகதித் தகுதியிலிருந்து விலக்கும் அந்த எஃப் போன்ற பிரிவு நமக்கு இருந்திருந்தால், விலக்குவதற்காகவாவது அவரை விசாரித்திருப்பார்கள்.

2015இல் சசி தரூர் புகலிடச் சட்டத்துக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர் இருக்கிறார்கள். கூட்டத்தொடர் தொடங்குமுன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: விலக்கும் பிரிவு, அதற்குத் தனி விசாரணை, மேல்முறையீடு, சித்திரவதைக்குத் திருப்பி அனுப்பத் தடை, இந்த நான்கும் உள்ள மசோதாவை உங்களில் யார் கொண்டுவரப் போகிறீர்கள்? வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், மயூர் விகாரிலிருந்து வந்து உட்காருகிறேன்.