எந்த ஜிஎஸ்எம்முங்க?

திருப்பூர்ல ‘ஜிஎஸ்எம் என்னங்க?’ன்னு கேட்டா அது போன் சங்கதி இல்லீங்க. போன்ல வர்ற ஜிஎஸ்எம், 1982ல ஐரோப்பாவுல அமைச்ச ‘குரூப் ஸ்பெசியால் மொபீல்’ங்கற கமிட்டியோட பிரெஞ்சுப் பேரு. ‘குளோபல் சிஸ்டம்’னு இங்கிலீஷ் விரிவு பின்னால ஒட்டவெச்சது. நம்ம பனியன் கம்பெனி ஜிஎஸ்எம், கிராம்ஸ் பெர் ஸ்கொயர் மீட்டர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கறது.

எடைங்க, தடிமன் இல்ல. உள்பக்கம் பிரஷ் அடிச்ச ஃப்ளீஸ் துணி பொதபொதன்னு இருக்கும், அதுக்காக ஜிஎஸ்எம் ஏறிடாது.

ஜிஎஸ்எம் பாக்கறதுக்குத் துணிய வெட்டுற ரவுண்ட் கட்டரோட வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். தராசுல 1.80 கிராம் காட்டுனா நூறால பெருக்கு, 180. கணக்கு சுளுவு, கோளாறு எல்லாம் வெட்டுறதுலதான். துணிய இழுத்துப் பிடிச்சு வெட்டுனா குறைச்சுக் காட்டும். பிளேடு மழுங்கி, அடி ரப்பர் பேடு தேஞ்சிருந்தா வட்டம் வட்டமா வராது. காம்பேக்டிங்ல இருந்து, அதாவது சுருக்கத்தைக் குறைக்கற மெஷின்ல இருந்து, சூடா வர்ற துணியையும் உடனே வெட்டாதீங்க. காட்டன் ஆறினப்புறம் காத்துல இருந்து ஏழெட்டு சதவீதம் ஈரம் இழுக்கும், எடை மாறிப்போகும். ரோலோட ஓரத்த விட்டுட்டு அகலத்துல நாலு இடம் வெட்டி சராசரி பாருங்க.

என் குறையெல்லாம் ஆர்டர் ஷீட்டு மேலதான். வெறும் ‘180’னு போட்டா வாஷுக்கு முன்னயா, பின்னயா? நீளத்துல 5, அகலத்துல 5 சதவீதம் சுருங்குனா அந்த 180, துவைச்சதும் 199 ஆயிருது. ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருப்பாங்க, சண்டை மட்டும் ஓயாது.

காசு கணக்கு இன்னும் மோசம். பையர் 5 சதவீதம் கூடக்குறைய விட்டா 189 பாஸ். ஆனா துணி கிலோவுக்குத்தானே வாங்கறோம்? 180ல ஒரு டன்னுக்கு 5,555 சதுர மீட்டர், 189ல 5,291. பாஸான ரோல்லயே 264 சதுர மீட்டர் காணாமப் போச்சு. கட்டிங் மாஸ்டரைத் திட்டி என்னுங்க பண்றது?

இதை நிட்டிங்லயே பிடிக்கணும். நூல் கவுண்ட்டும் (நூலோட பருமன்), லூப் லெங்த்தும் (ஒரு கண்ணிக்கு ஆகற நூல் நீளம்)தான் ஜிஎஸ்எம்மைத் தீர்மானிக்குது, லூப் நீண்டா எடை குறையும். அங்க விட்டுட்டு, ஃபினிஷிங்ல டயாவை, அதாவது துணி அகலத்தை, இழுத்து ஜிஎஸ்எம்மைக் குறைச்சா மெஷின்ல பாஸாகும், முதல் வாஷ்லயே சுருங்கிக் காட்டிக்கொடுத்துரும்.

அமெரிக்க ஆர்டர்ல 5.3 அவுன்ஸ்னு இருந்தா அது சதுர கெஜத்துக்கு. 33.9ஆல பெருக்குங்க, அதே 180 வந்துரும். அங்கயும் முன்னயா பின்னயான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.