'போலிப் படம்தானே' என்பது தவறு
செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் முகத்தை வேறொரு உடம்பில் பொருத்திச் செய்யும் போலிப் படம் அல்லது காணொளிதான் டீப்ஃபேக். அப்படி ஒரு பெண்ணின் ஆபாசப் படம் பரவுவதைப் பற்றி, "டீப்ஃபேக்தானே, உடம்பு அவளோடது இல்லையே, கண்டுக்காம விட்டா அடங்கிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. முகம் அவளுடையது, பல நேரம் பெயரும் சேர்ந்தே பரவுகிறது. பார்க்கிறவன் நிஜமா போலியா என்று சோதித்துவிட்டா பார்க்கிறான்? போலி என்று தெரிந்தே பகிர்கிறவர்களும் உண்டு. அவமானப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் படம் நிஜமாக இருக்க வேண்டியதே இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். எதிரே வருகிறவர் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாலே 'இவரும் பார்த்திருப்பாரோ' என்று நெஞ்சு பதறும். நள்ளிரவில் தன் பெயரைத் தானே தேடிக்கொண்டிருப்பார்கள். செய்தது யார் என்று தெரியாததால் நெருங்கிய நண்பர்களையே சந்தேகிக்க வேண்டிவரும். எனக்கு இதுதான் மிகப் பெரிய கொடுமையாகத் தோன்றுகிறது. இது அரிதான சம்பவமும் இல்லை: 2019-இல் டீப்ஃபேக்குகளை ஆராய்ந்த டீப்ட்ரேஸ் நிறுவனம் எண்ணிப் பார்த்த டீப்ஃபேக் காணொளிகளில் 96 சதவீதம் சம்மதமில்லாத ஆபாசம்தான்.

தானாகவும் அடங்காது, ஓரிடத்தில் நீக்கினால் இன்னோரிடத்தில் முளைக்கும். இணைப்பு, கணக்கின் பெயர், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே புகார் செய்யுங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு, சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அதன் டிஜிட்டல் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும் எடுத்து, அதே படத்தைக் கண்டுபிடித்துத் தடுப்பதற்காக, இத்திட்டத்தில் இணைந்துள்ள இணையதள நிறுவனங்களுக்கு அனுப்பும். போலிப் படங்களுக்கும் இது பொருந்தும்.