காந்தமானியை விட வலை மாட்டும் இடம் முக்கியம்
சைடு ஸ்கேன் சோனார் (ஒலி அலையால் கடலடியைப் படம் பிடிக்கும் கருவி) இல்லாமல் புதுச்சேரிக் கடலில் மூழ்கிய போர்க்கால விமானத்தைத் தேடுவது வீண் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் விசைப்படகு ஓட்டுபவர்களிடம் வலை மாட்டிக் கிழியும் இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகள் இருக்கும், முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே எடை கட்டிய கயிற்றை மிதவையோடு இறக்கி, அடியில் அதில் இன்னொரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதை மையமாக வைத்து வட்டமடிக்க வேண்டும். 4 மீட்டர் தூரம் கண் தெரிந்தால், சுற்றுக்கு 6 மீட்டர் கயிறு கூட்டினால் போதும். 6, 12, 18 என மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 226 மீட்டர் நீந்த வேண்டும். 30 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றோடு, இறங்கும் நேரமும் சேர்த்து, அழுத்தம் தணியக் கட்டாயமாக நிற்காமல் மேலே வரக் கிடைப்பதே சுமார் 20 நிமிடம்தான். அதனால் ஒரு முறை இறங்கினால் இரண்டு சுற்றோடு மேலே வந்துவிடுங்கள். கயிறு தொய்ந்தால் வட்டம் சுருங்கி இடைவெளி விழும். எதிலாவது மாட்டினால் அறுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், தேடுவது அங்கேயே இருக்கலாம். மேலே உள்ள கருத்தில் ஒருவர் காந்தமானி (இரும்பு இருக்கும் இடத்தைக் காந்தப்புல மாற்றத்தால் காட்டும் கருவி) வாங்கச் சொல்கிறார். அலுமினிய இறக்கையை அது காட்டாது, எஞ்சினின் எஃகைத்தான் காட்டும். இறக்கைத் தகடு உப்புநீரில் எஃகோடு ஒட்டியிருக்கும் இடத்தில் சீக்கிரமே அரித்துப் போகும். ஆகவே படத்தில் வரும் முழு விமானத்தை எதிர்பார்க்காதீர்கள். சிப்பி மூடிய, நட்சத்திரம் போல் விரிந்த சிலிண்டர்களையும் வளைந்த புரொப்பெல்லரையும் தேடுங்கள். கைவிட்ட வலை சுற்றியிருக்கும், கத்தி இல்லாமல் நெருங்காதீர்கள். குண்டுகள் இன்னும் வெடிக்கலாம், விமானியின் எலும்புகளும் இருக்கலாம். படம் மட்டும் எடுங்கள், எதையும் தொடாதீர்கள்.