ஒரு யூரோ வீடு: மே மாதப் படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

"இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு" செய்தி மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆள் குறைந்த ஊர்கள் பாழடைந்த வீடுகளைப் பேருக்கு ஒரு விலை வைத்து விற்கும் திட்டம் அது. கூடவே வழக்கமான படங்கள்: கல் பாவிய சந்து, ஜன்னலில் பூந்தொட்டி, மஞ்சள் வெயில். எல்லாம் மே மாதப் படங்கள். அங்கே போய்க் குடியிருக்கும் யோசனை உள்ளவர்கள் பிப்ரவரியில், அதுவும் வாரநாளில் போய் மூன்று நாள் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்த ஒரு யூரோவை முடித்துவிடுவோம். சிசிலித் தீவின் சம்பூகா ஊராட்சி 2019-ல் ஒரு யூரோ வீடுகளை விற்றபோது 5,000 யூரோ பிணைத்தொகையும், 3 ஆண்டுக்குள் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தன. முடிக்காவிட்டால் பிணைத்தொகை போச்சு. கூரை விழுந்த வீட்டைச் சரிசெய்யச் சதுர மீட்டருக்கு 1,000 யூரோவுக்குக் கீழே கணக்குச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். 60 சதுர மீட்டருக்கு 60,000. வீட்டின் விலைதான் இதில் ஆகக் குறைந்த செலவு.

குடியேறினால் காசு தரும் ஊர் என்ற செய்தியும் இதே ரகம்தான். இத்தாலியின் அப்ரூட்ஸோ மாநிலத்தில் சாந்தோ ஸ்தேஃபானோ தி செஸ்ஸானியோ என்றொரு ஊர். சுமார் 1,250 மீட்டர் உயரம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் கைக்கு வந்து, கம்பளி வியாபாரத்தில் செழித்தது. இன்று நூற்றுச் சொச்சம் பேர்தான். 2020-ல் அந்த ஊராட்சி, குடியேற வருகிறவர்களுக்கு 3 ஆண்டுக்கு உதவித்தொகை தருவதாக அறிவித்தது. 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை அல்லது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வேண்டும் என்ற வரிகளை மட்டும் யாரும் பகிரவில்லை.

இந்த மாதிரி ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சிச் சந்தில் நின்று, எத்தனை புகைபோக்கியில் புகை வருகிறது என்று எண்ணுங்கள். அவ்வளவுதான் உங்கள் அக்கம்பக்கம்; மற்றவை ஆகஸ்டில் மட்டும் திறக்கும் வீடுகள். பஸ் அட்டவணையில் 'ஸ்கொலாஸ்தீகோ' என்று இருந்தால் அந்த வண்டி பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். மருந்துக்கடை எந்த ஊரில் இருக்கிறது, பனி பெய்த மறுநாள் அங்கே போக வழி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சிச் சந்தில் நிற்பதில் இன்னொரு லாபம், கீழ்வீட்டுக் கூரை மேலிருந்தே தெரியும். ஓட்டு வரிசை நடுவில் தொய்ந்திருந்தால் அடியிலுள்ள உத்தரத்தைச் சந்தேகப்படுங்கள். ஒட்டியுள்ள வீடு பாழடைந்து கிடந்தால் அதன் மழைத்தண்ணீர் உங்கள் சுவரில்தான் இறங்கும். நீங்கள் எவ்வளவு செலவு செய்தாலும் அது நிற்காது.

உள்ளே போனதும் வெள்ளையடித்த அழகை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டுங்கள். 'டொப் டொப்' என்று வந்தால் பூச்சு கல்லை விட்டுக் கழன்றுவிட்டது. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை மட்டும் புதுப் பூச்சு இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. பெரும்பாலும் அது ஈரம். அரை மீட்டருக்கும் மேல் தடித்த கல் சுவர், மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வழியே வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபட்டு ஈரம் இன்னும் மேலே ஏறும். பிறகு வெள்ளை உப்புப் பூத்து உதிரும். முதல் மருந்து: சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூசுவது.

இரண்டு சுவர் சேரும் மூலையில் நெடுக்காக, மேலே போகப் போக அகலும் விரிசல் இருந்தால் முகப்புச் சுவர் வெளியே சாய்கிறது. வெளிச்சுவரில் இரும்புத் தகடோ குறுக்குக் கம்பியோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களை உள்ளே கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நல்ல அறிகுறி. இத்தாலியில் எல்லா ஊரும் நிலநடுக்க அபாயப்படி 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டவை, 1-தான் ஆக மோசம். மேலே சொன்ன சாந்தோ ஸ்தேஃபானோவின் மெடிச்சி கோபுரம் 2009 ஏப்ரல் 6 லாக்விலா நிலநடுக்கத்தில் சரிந்தது. பிற்காலச் சீரமைப்பில் உச்சியில் ஏற்றிய கான்கிரீட்டின் பாரமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பழைய கல் சுவர்மேல் கான்கிரீட் தளம் போடலாம் என்கிற மேஸ்திரியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சந்து குறுகல், லாரி வராது. மணல், ஓடு எல்லாம் ஆப்பேயில்தான் ஏறும். ஆமாம், நம் ஊர் சரக்கு ஆட்டோவேதான். பியாஜியோ 1948-ல் இத்தாலியில் கொண்டுவந்த வண்டி. அதுவும் நுழையாத படிக்கட்டுச் சந்து என்றால் ஆள்கூலி தனி. குளிர்காலத்தில் அடுப்புக்கான மரத்தூள் உருண்டை 15 கிலோ மூட்டையாக வரும். அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய படிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மின் இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். இண்டக்‌ஷன் அடுப்பையும் கீசரையும் ஒன்றாகப் போட்டால் மீட்டர் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இனி காகிதம். வீடு வாங்கினால் விசா கிடைக்காது. வருமானத்தை வைத்துத் தங்கும் விசாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ, வேலை செய்யாமல் வரும் வருமானமாகக் காட்ட வேண்டும். வந்த பிறகும் வேலை பார்க்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை: உங்கள் நாட்டில் இத்தாலியர் வீடு வாங்க முடிந்தால்தான் நீங்கள் அங்கே வாங்கலாம் என்ற பரஸ்பர விதி. வேலை, குடும்பம், படிப்பு அனுமதியோடு இத்தாலியில் சட்டப்படி வசிப்பவருக்கு அது பொருந்தாது. வெளியிலிருந்து வாங்குகிறவர் நோட்டாயோ எனப்படும் பத்திர அதிகாரியிடம் இதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு வரி விற்பனை விலைமேல் அல்ல, அரசு நிலவரி மதிப்பின்மேல். நிலவரி ஏட்டில் வீட்டின் ஆண்டு வருமான மதிப்பு 200 யூரோ என்றிருந்தால் அதை 126-ஆல் பெருக்குங்கள், 25,200. அதில் 9 சதவீதம், 2,268. 18 மாதத்துக்குள் அங்கேயே குடிபுகும் முதல் வீடு என்றால் 115.5-ஆல் பெருக்கி 2 சதவீதம். குறைந்தது 1,000 கட்ட வேண்டும்.

மலையூர்களில் ஒருவர் அடுக்களைக்குக் கீழே இன்னொருவர் நிலவறை இருக்கும். நிலவரி ஏட்டிலுள்ள வரைபடமும் வீடும் ஒத்துப்போகாவிட்டால் பத்திரம் நிற்காது. வெளிநாடு போன வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பாரா என்ற முன்பணம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். ஆகவே முன்பண ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஜெயோமெட்ரா என்ற அளவையாளரை வைத்து வரைபடத்தைச் சரிபாருங்கள். தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். பக்கத்து ஊரிலிருந்து கூப்பிடுங்கள்.